வளையல்காரிக்கு ஒரு சிவப்பு நூல்

மாலை நாலே முக்கால் ஆனால் எங்கள் வீட்டு மனிதர் எதைச் செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவார். டீ டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நிற்கும். சட்டைப் பொத்தான் பாதியில் நிற்கும். தலையை இடது பக்கமாகச் சாய்த்து ஒரு நிமிடம் அப்படியே இருப்பார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மிச்ச டீயைக் குடிப்பார். இருபத்துநாலு வருடம் இதைப் பார்த்தேன். ஆரம்பத்தில் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இவருக்குப் பாம்புக்காது, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்படி என்னதான் கேட்கிறது என்று ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டேன். "தட்டு" என்றார். யார் தட்டுகிறார்கள் என்றேன். எழுந்து செருப்பைத் தேடினார். யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன் பாருங்கள், என் வாய் அப்படிப்பட்ட வாய். இந்த வாயைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவர் மிருகக்காட்சிசாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். சிங்கம் புலி பக்கமெல்லாம் இல்லை. பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியில், சிறு விலங்குப் பிரிவு. கீரி, முள்ளம்பன்றி, மரநாய், காட்டுப்பூனை. பார்க்க வருகிறவர்கள் கழிவறையைத் தேடிக்கொண்டு வந்தால்தான் அந்தப் பக்கம் வருவார்கள். காலையில் கூண்டு கழுவுவார், வைக்கோல் மாற்றுவார், பழம் நறுக்குவார், முட்டை எண்ணுவார். சாயங்காலம் தட்டு வைப்பார். கல்யாணமான புதிதில் அவர் சட்டையைத் துவைக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வேன். போகப்போக எனக்கும் சேர்த்து அந்த வாடை ஏறிவிட்டது. பஸ்ஸில் எங்களுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும்.

கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் பேழைக்காரர். கிண்டலுக்கு வைத்ததுதான். ஆனால் அவருக்கு அது பிடித்திருந்தது. தினமும் விடிகாலையில் வேதம் வாசித்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார். உலகத்தில் உள்ள எல்லா மிருகத்தையும் கடவுள் இனம் இனமாகப் படைத்தார், ஒன்றிலிருந்து இன்னொன்று வரவில்லை, வெள்ளம் வந்தபோது இனத்துக்கு ஒரு ஜோடி குறையாமல் பேழைக்குள் ஏற்றிக் காப்பாற்றினார் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அத்தனையும் ஒரு கப்பலில் எப்படிக் கொள்ளும் என்று கேட்டால் சிரிப்பார். கூண்டில் தொங்குகிற பலகையைப் பார்த்துக் கணக்குப் போடாதே என்பார். ஓநாய், நரி, தெருநாய் என்று பலகை மூன்று பெயர் சொல்லும். அவருக்கு அது ஒரே இனம். ஒரு ஜோடி உள்ளே போனது, வெளியே வந்து பெருகிக் கிளை கிளையாகப் பிரிந்தது, அவ்வளவுதான். எது எதோடு சேர்ந்து குட்டி போடுகிறதோ அது அதெல்லாம் ஒரே இனம்.

"போர்டு மனுஷன் எழுதினது. குட்டி கடவுள் எழுதினது" என்பார்.

பேழையில் கொசுவை ஏன் ஏற்றினார்கள் என்று கேண்டீனில் யாராவது சீண்டினால், அது டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொண்டது என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடருவார். நானும் கோயிலுக்குப் போகிறவள்தான், நானும் ஜெபம் செய்கிறவள்தான். ஆனால் எனக்குத் தையல் வேலை. பள்ளிக்கூடச் சீருடை மொத்தமாக எடுத்துத் தைக்கிறேன். எலியும் பெருச்சாளியும் ஒரே இனமா என்பதைவிட இரண்டும் என் துணி மூட்டைக்குள் வராமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறவள்.

இப்போது வளையல்காரிக்கு வருகிறேன்.

கப்பலில் ஏதோ ஒரு தீவிலிருந்து ஒரு ஜோடியாக வந்தது. பூனை அளவுதான் இருக்கும். சாம்பல் நிறம், ஒடுங்கின மூஞ்சி, முன்னங்கால் இரண்டிலும் ஐந்தைந்து கறுப்பு வளையம். பெண்ணுக்கு வளையல்காரி என்று பெயர் வைத்தவர் எங்கள் வீட்டு மனிதர்தான். ஆணுக்கு ஒரு பெயர் வைப்பதற்குள் அது வயிறு கெட்டுச் செத்துப்போனது. அதே வருடம் அந்தத் தீவுக் காடு பற்றி எரிந்தது. தேடிப்போனவர்கள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்று திரும்பினார்கள். அப்புறம் கூண்டின் முன்னால், இதுவே கடைசி உயிராக இருக்கலாம் என்று ஒரு பலகை ஏறியது. அதைப் படித்துவிட்டு ஆட்கள் கொஞ்ச நாள் கூட்டமாக வந்தார்கள். வைக்கோல் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் வாலை மட்டும் பார்த்துவிட்டு, இதுக்கா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று போனார்கள்.

பகல் முழுக்கத் தூங்கும் அது நாலே முக்காலுக்குச் சரியாக எழுந்து வரும். காலி தகரத் தட்டில் முன்னங்காலால் இரண்டு தட்டு தட்டும். டக், டக். மூன்றாவது தட்டு கிடையாது. இவர் வாழைப்பழமும் அவித்த முட்டையும் கொண்டுபோய் வைப்பார். அது விரலை நக்கிவிட்டுத்தான் பழத்தைத் தொடும். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றுவிடாமல் சொல்வார். மகள் ஸ்கூலில் பரிசு வாங்கினதைச் சொன்னால் "ம்" என்று கேட்கிற மனிதர், வளையல்காரி முட்டை ஓட்டை எப்படி உடைத்தது என்பதைக் கையால் செய்து காட்டுவார். எனக்கு வந்து வாய்த்த சக்களத்திக்கு வாலும் இருக்கிறது என்று நான் கேலி செய்வேன்.

ஆனால் அவருக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டது. வளையல்காரிக்கு வயது ஏறுகிறது. ஜோடி இல்லை. இது போனால் ஓர் இனமே போய்விடுமே. "வெள்ளத்துலயே காப்பாத்தி வெச்சதை, இப்படி ஒரு கூண்டுல முடிய விடுவாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடமா கடவுளிடமா என்று தெரியாது. பக்கத்துக் கூண்டில் ஒரு மரநாய் இருந்தது. நம் கூரை மேல் ஓடிப் பழம் திருடுகிற சாதாரண மரநாய்தான். ஒரு வம்புக்கும் போகாது என்பதால் அதற்குச் சாது என்று பெயர். மூஞ்சியும் நகமும் வாலும் ஏறக்குறைய வளையல்காரி மாதிரியே இருக்கிறது, இரண்டும் ஒரே இனமாகத்தான் இருக்க வேண்டும், சேர்த்துவைத்தால் குட்டி பிறக்கும், வளையல்காரியின் ரத்தம் நிற்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பெரிய டாக்டரிடம் கேட்டார். கடைசி உயிரை வைத்து விளையாடாதே என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார் அவர்.

எங்கள் வீட்டு மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மேலதிகாரி பேச்சைத் தட்டினார். அது இதுதான்.

இரண்டு கூண்டுக்கும் நடுவில் ஒரு தகடுக் கதவு. வெளியே நின்று சங்கிலியை இழுத்தால் அது மேலே ஏறும், விட்டால் விழும். அதை ஒட்டி ஒரு கம்பி வலை. எட்டு நாள் தகட்டைத் தூக்கிவிட்டு வலையை மட்டும் வைத்தார். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து மோந்தன, சண்டை இல்லை. ஒன்பதாம் நாள் வார விடுமுறை, ஆட்கள் வரமாட்டார்கள். ஜெபம் செய்துவிட்டு வலையையும் எடுத்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டும் ஒன்றாக இருந்தன. நடுவில் தீவனம் இறக்க இவரைக் கூப்பிட்டார்கள், இரண்டு மணி நேரம் அங்கே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் ஒரே பெட்டியில் இரண்டும் படுத்துக்கிடந்தன. அன்றைக்கு மகளைக் கட்டிக்கொடுத்த அப்பன் மாதிரி வீட்டுக்கு வந்தார். எனக்கு மட்டும்தான் சொன்னார்.

அப்புறம் தினம் ஒரே புலம்பல். வயிறு தெரிகிறதா, தெரியவில்லையா. சேர்ந்ததா, சும்மா படுத்துக்கிடந்ததா. கண்ணால் பார்க்கவில்லையே. நாற்பது நாள் போனது. நாற்பத்தோராவது நாள், அதுவும் ஒரு விடுமுறை, மறுபடி திறந்தார். ஏன் திறந்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் விடமாட்டேன்.

இந்தத் தடவை வளையல்காரி பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. சாது உள்ளே எட்டிப் பார்த்ததும் அது சீறிக்கொண்டு மூஞ்சியில் பாய்ந்தது. அதுவரை அதன் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லையாம். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். கூண்டு எப்படிக் கொள்ளும்? இவர் கதவுக்குள் கதவு திறந்து, சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பிரித்துவிடுவதற்குள் நாலு நிமிடம். வளையல்காரிக்குக் கழுத்தில் கடி. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சரியாக எந்த நேரத்தில் உயிர் போனது என்று அவருக்கே தெரியாது. தட்டு வைக்கிற நேரம் ஆகிவிட்டதே என்று கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் மடி கனத்ததை உணர்ந்தாராம்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. டாக்டருக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரே வருடம். பதிவேட்டில் உடல்நலக் குறைவு என்று எழுதினார். வயிற்றைக் கீறிப் பார்த்தால் பார்த்ததையெல்லாம் எழுத வேண்டிவரும் என்று கீறவே இல்லை. அப்படியே முழுசாக ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, ஸ்பிரிட் ஊற்றி, மாதிரிகள் வைக்கிற அறையில் மேல்தட்டில் ஏற்றிவிட்டார்கள். இவர் மறுநாளும் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். நாலே முக்காலுக்கு அந்தக் காலிக் கூண்டில் இரண்டு தட்டு கேட்டது என்று வந்து சொன்னார். அதற்கப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். கேட்பது மட்டும் நிற்கவில்லை.

அந்த மாதம்தான் பின்னறைச் சுவரில் வேலை ஆரம்பமானது. பழைய ஃபைல் அட்டைகளை வெட்டி, ஓர் அட்டைக்கு ஒரு மிருகம் என்று பெயர் எழுதி ஆணி அடித்தார். எங்கேயாவது இரண்டு சேர்ந்து குட்டி போட்டது என்று புத்தகத்திலோ பத்திரிகையிலோ படித்தால் அந்த இரண்டு அட்டைக்கும் நடுவில் ஒரு சிவப்பு நூல். நூல் என் தையல் பெட்டியிலிருந்து போகும். குதிரைக்கும் கழுதைக்கும், கழுதைக்கும் வரிக்குதிரைக்கும், சிங்கத்துக்கும் புலிக்கும், ஒட்டகத்துக்கும் லாமாவுக்கும். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் கட்டலாமா வேண்டாமா என்று ஆறு மாதம் யோசித்தார். கல்யாணப் புரோக்கர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான் என்று சொன்னேன். சுவர் நிறைந்து கூரையைத் தொட்டது. நூல் எட்டும் தூரம்வரை ஓர் இனம், நூல் நிற்கும் இடத்தில் இனம் முடிந்தது. எங்கள் போதகர் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார். படைப்பின் ஒழுங்கைப் பாருங்கள் என்பார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

அந்தச் சுவர் எதற்காக என்று போதகருக்குத் தெரியாது. வலது மூலையில், முட்டி உயரத்தில், வளையல்காரி என்று ஓர் அட்டை இருந்தது. அதற்கு நூலே இல்லை. அது ஒன்றுக்காகத்தான் மற்ற நானூறு அட்டையும். உயிரோடு இருக்கிற ஏதாவது ஒன்றோடு அதற்கு ஒரு நூல் கட்ட முடிந்துவிட்டால், இவர் கையால் போனது ஒரு கிளைதான், மரம் நிற்கிறது என்று ஆகும். கட்ட முடியாவிட்டால், கடவுள் வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வைத்த ஓர் இனத்தை இவர் ஒரு சங்கிலியை இழுத்து முடித்துவிட்டார். இந்த இரண்டில் எது என்று தெரியாமல்தான் மனிதர் இருபத்துநாலு வருடம் சாப்பிட்டார், தூங்கினார், மகளுக்குக் கல்யாணம் செய்தார், ஓய்வும் பெற்றார்.

அந்த அட்டையில் ஏன் நூல் இல்லை என்று போதகர் ஒருமுறை கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றார் இவர். வெள்ளத்துக்கு அப்புறமும் எத்தனையோ இனம் அழிந்திருக்கிறது, அதுவும் கடவுள் சித்தம்தான் என்று போதகர் ஆறுதலாகச் சொன்னார். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். அன்று இவர் சாப்பிடவில்லை. தட்டை எடுக்கப்போன என்னிடம் சொன்னார்:

"பேழையோட கதவை மனுஷன் மூடல. கடவுளே மூடினார். நான் திறந்துட்டேன்."

அந்த அறையைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பயந்தவள் இல்லை. ஆனால் துணி எடுக்க உள்ளே போனால், ஈர வைக்கோலும் கனிந்த வாழைப்பழமும் சேர்ந்த ஒரு வாடை அடிக்கும். இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது அது செத்த மறு வாரம். வைக்கோல் இந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. மற்ற அட்டையெல்லாம் நேராக இருக்கும், வளையல்காரி அட்டை மட்டும் சாய்ந்திருக்கும். நேராக்கி வைப்பேன். மறுநாள் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கும், இவர் தலை சாய்கிற மாதிரியே. ஃபேன் காற்று என்பார் இவர். அந்த அறையில் ஃபேனே கிடையாது. நான் வாதம் செய்யவில்லை. திரைச்சீலை வளையம் கம்பியில் உரசினால் கூண்டுச் சங்கிலி இழுக்கிற மாதிரி கேட்கும், இவருக்கு முகம் வெளுக்கும், அதனால் வீட்டில் ஒரு ஜன்னலுக்கும் திரை போடவில்லை. எதிர்வீட்டுக்காரி எங்கள் வாழ்க்கையை ஓசியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் ஒரு பகல் மூன்றரை மணிக்கு மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். புதிதாக வந்த டாக்டர். என் மகளைவிடச் சின்னவள். கையில் ஒரு பெரிய உறை. மாதிரிகள் அறையைப் பட்டியல் எடுக்கிறாளாம். ஜாடிகளில் ஸ்பிரிட் வற்றிக்கிடந்தது, மாற்றிக்கொண்டு வந்தேன், மேல்தட்டில் வளையம் போட்ட மிருகம் ஒன்று இருந்தது, அந்தக் காலத்துப் பதிவேட்டில் காப்பாளர் என்று உங்கள் பெயர் இருக்கிறது என்றாள். இவர் நாற்காலியின் கையைப் பிடித்தார். நான் மிஷினை நிறுத்தினேன். தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலர் ஊசியிலேயே நின்றது.

"ஐயா, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. அதோட வயித்துல ரெண்டு குட்டி இருக்கு."

உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வயிறு கெட்டியாக இருந்ததால் சந்தேகப்பட்டுப் படம் எடுத்தாளாம். இரண்டு சின்ன முதுகெலும்பு, கழுத்துச் சங்கிலி மாதிரி வளைந்து, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன. நாற்பது நாள் வளர்ச்சி இருக்கும் என்றாள்.

"இதோட ஆண் செத்து ரெண்டு வருஷம் கழிச்சுதான் இது செத்திருக்கு. பதிவேட்டுல தெளிவா இருக்கு. அப்ப குட்டிங்களுக்கு அப்பா பக்கத்துக் கூண்டு மரநாய்தான். வேற வழியே இல்ல. இது பெரிய விஷயம் ஐயா. ரெண்டும் தூரத்துச் சொந்தம்னுதான் எல்லாரும் எழுதியிருக்காங்க."

அந்தப் பெண்ணுக்குப் பேழையும் கிடையாது, வெள்ளமும் கிடையாது. அவள் கணக்கு வேறு. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் இவருக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தாள் என்று தோன்றும். இருபத்துநாலு வருடம் இவர் தேடின நூலை அவள் ஒரு காக்கி உறையில் கொண்டுவந்திருந்தாள். எனக்கு அப்பாடா என்று வாய்வரை வந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். வந்தது உள்ளே போய்விட்டது.

படத்தைக் கையில் வாங்கி அவரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அதான் பெட்டிய விட்டு வெளிய வரல. குட்டிக்காகத்தான் பாஞ்சிருக்கு."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கழுத்தில் கடித்த தழும்பு இருக்கிறதே, பதிவேட்டில் நோய் என்று இருக்கிறதே, மரநாய் எப்படி உள்ளே வந்தது, அறிக்கையில் எழுத வேண்டும் என்று கேட்டாள். இவர் எதையும் மறைக்கவில்லை. எட்டு நாள் வலை, ஒன்பதாம் நாள் கதவு, அதிலிருந்து நாற்பத்தொன்றாம் நாள் மறுபடி கதவு, சாக்கு, நாலு நிமிடம், எல்லாம் சொன்னார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அவள் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"முதல் தடவை எல்லாம் நல்லபடியாத்தானே போச்சு. ரெண்டாந்தடவை ஏன் திறந்தீங்க?"

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன இடம்.

நாற்பதாவது நாள். பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள்தான் இருந்தது. அறுபது சட்டை பாக்கி. நான் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருக்கிறேன், இவர் பக்கத்தில் நின்றுகொண்டு வழக்கமான பாட்டைப் பாடுகிறார். சேர்ந்ததா, சேரவில்லையா, கடவுள் பதில் சொன்னாரா, சொல்லவில்லையா. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. வாயை மூடவைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். "ஆட்டுத்தோலப் போட்டு ரெண்டு தடவ அடையாளம் கேட்டவங்க வேதத்துலயே இருக்காங்க. நீங்க இன்னொரு தடவ திறந்து பாத்துட்டு வந்து பேசுங்க. எனக்கு வேலை இருக்கு." வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். வேதத்தை வைத்துச் சொன்னதால் அப்படியே நின்றுவிட்டார். வேதத்தில் வருகிற அந்த மனிதர் ராத்திரி ஆட்டுத்தோலை வெளியே போட்டு, தோலில் மட்டும் பனி ஈரம் வேண்டும் என்று ஒருமுறை, தோலில் மட்டும் ஈரம் வேண்டாம் என்று ஒருமுறை கேட்டார், கடவுள் கோபிக்காமல் இரண்டு தடவையும் பதில் சொன்னார். தனக்கும் சொல்லுவார் என்று நம்பிவிட்டார். மறுநாள் போய்ச் சங்கிலியை இழுத்தார்.

இருபத்துநாலு வருடத்தில் அவர் ஒருநாள்கூட, நீ சொல்லித்தானே திறந்தேன் என்று சொன்னதில்லை. சண்டையில்கூடச் சொன்னதில்லை. நாங்கள் போட்ட சண்டைகளுக்கு அது பெரிய விஷயம். மறந்துவிட்டார் என்றே நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

டாக்டர் பெண் பதிலுக்காகக் காத்திருந்தாள். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். மறக்கவில்லை என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துகொண்டேன். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"முதல் தடவையே பதில் குடுத்துட்டார், டாக்டரம்மா. எனக்குத்தான் போதல. நான் ரெண்டாந்தடவ கேட்டேன்."

நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் கேட்கச் சொன்னேன் என்று நாலு வார்த்தை. நினைத்ததையெல்லாம் கொட்டிவிடும் இந்த வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. காலரை ஊசியிலிருந்து எடுத்து மடித்துவைத்தேன். வேண்டாத வேலை. அவள் எழுதி முடித்தாள். பழைய கதை, யாரும் உங்களை ஒன்றும் செய்யப்போவதில்லை, ஆனால் உள்ளதை உள்ளபடிதான் எழுத வேண்டும் என்றாள். எழுதுங்கள் என்றார் இவர். போகும்போது அந்தப் படத்தை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் படி இறங்கினதும் இவர் என் தையல் பெட்டியைத் திறந்து சிவப்பு நூலை எடுத்தார். பின்னறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். மரநாய் அட்டை தலைக்கு மேல் உயரத்தில் இருந்தது, வளையல்காரி முட்டி உயரத்தில். நூலை அளந்து, பல்லால் கடித்துக் கட்டினார். நூல் சுவரின் குறுக்கே, மற்ற எல்லா நூலையும் தாண்டிக்கொண்டு இறங்கியது. இனம் போகவில்லை. அது தினமும் நம் கூரை மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த மனிதர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் வாசலில் நின்றேன்.

அப்போது கேட்டது. டக், டக்.

அடுக்களையில் என்னவோ விழுந்தது என்று திரும்பினேன். அடுக்களையில் எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்கால். இவரைப் பார்த்தேன். தலை சாயவில்லை. அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

சேதி கேட்டுப் போதகர் ஓடிவந்தார். சபையில் சாட்சி சொல்லலாம், இது நம் விசுவாசத்துக்குக் கிடைத்த ஆதாரம் என்று பூரித்துப்போனார். சொல்வதானால் முழுசாகச் சொல்லுங்கள், கதவைத் திறந்ததையும் கொன்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார் இவர். போதகர் யோசிக்கிறேன் என்று போயிருக்கிறார். இவர் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். நேற்று எதிர்வீட்டுக்காரியின் திரைச்சீலை வளையம் உரசினது, இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அட்டை இப்போது நேராக இருக்கிறது.

நான்தான் நிறுத்துகிறேன். நாலே முக்கால் ஆனால் கால் மிஷின் மிதியிலிருந்து எழும்பிவிடுகிறது. முதல் இரண்டு நாள் தினமும் இரண்டு தட்டுதான். மூன்றாம் நாளிலிருந்து அதற்குப் பின்னால், மெல்ல, இன்னும் கொஞ்சம் தட்டு கேட்கிறது. நகம் முளைக்காத கை தட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. எத்தனை என்று எண்ணிப்பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று மிஷின் நின்றதும் அவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார். என் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று எனக்குத் தெரியாது.

"என்ன கேக்குது?" என்றார்.

"தட்டு" என்றேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. எழுந்து வந்து, மிஷின் விளக்கை அணைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.